தகட்டில் தொடங்குங்கள்: பழைய ஜெர்மன் கிளைடரை அமெரிக்காவில் பதிந்து பறக்கவிடும் வழி

ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் கொட்டகை. வைக்கோல் வாடையும் எலிப்புழுக்கை வாடையும் கலந்த இருட்டில் மண்டியிட்டு, கைபேசி வெளிச்சத்தில் ஓர் அலுமினியத் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தேன். வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை 3 என்று படித்தேன். விற்பனைப் பத்திரத்திலும் அப்படியே எழுதி, விற்றவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அது 8. இடப்பக்க வளைவுகளை அழுக்கு மூடியிருந்தது. அந்த அரை எழுத்தைத் திருத்த எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் என் பொருட்டு இரண்டு முறை தபால் நிலையத்துக்கு நடந்தார்.

அதனால்தான் யாராவது என்னிடம் வந்து, ஐரோப்பாவிலிருந்து பழைய மரக் கிளைடர் (இயந்திரமில்லாமல் மிதக்கும் விமானம்) ஒன்றைக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று கேட்டால், தகட்டில் தொடங்குங்கள் என்கிறேன். பதிவு, சுங்கம், பறப்புத் தகுதிச் சான்று என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: இந்தத் தாளில் இருக்கும் கிளைடரும் அந்தத் தாளில் இருக்கும் கிளைடரும் ஒன்றுதானா?

எடுத்துக்காட்டாக குருனாவ் பேபி 2பி வகையை வைத்துக்கொள்கிறேன். எட்மண்ட் ஷ்னைடர் 1931இல், இன்று போலந்தில் இருக்கும் குருனாவ் என்ற ஊரில் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கிளைடர். இறக்கையின் முழு நீளம் 13.57 மீட்டர். திறந்த இருக்கை, அடியில் மரச் சறுக்குக் கட்டை, சறுக்கு விகிதம் சுமார் 17, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 17 மீட்டர் முன்னே போகும். இன்றைய ஃபைபர் கிளைடர் ஓட்டுபவர் அந்த 17ஐக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் 1933இல் குர்ட் ஷ்மிட் இந்த இனத்துக் கிளைடர் ஒன்றில்தான் 36 மணி 35 நிமிடம் தொடர்ந்து வானில் இருந்தார்.

யார் பெயரில் பதிவது

நம்மவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். அமெரிக்க விமானப் பதிவேட்டில் தனிநபர் பெயரில் பதிய, அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் கிளைடர் ஓட்டக் கற்கலாம், உரிமமும் பெறலாம், ஆனால் தன் பெயரில் ஒரு கிளைடரைப் பதிய முடியாது. அறக்கட்டளை வழியாகப் பதியும் முறை உண்டு. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது சரி. 170 கிலோ மரக்கூட்டுக்கு வக்கீல் செலவு கட்டாது. தகுதியுள்ள கிளப் நண்பர் ஒருவரே உரிமையாளராக வாங்கித் தன் பெயரில் பதிந்து, நீங்கள் ஓட்டுவதே எளிது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் படிவத்தில் கூட்டு வணிகம் என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். அதைக் குறித்தால் கூட்டாளிகள் எல்லோரும் குடிமக்களாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு அங்கே செல்லாது. இணை உரிமையாளர் என்ற கட்டம் தனியாக இருக்கிறது. அதில் குறியிட்டு, ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும்.

தகடும் கட்டியவர் பெயரும்

குருனாவ் பேபி என்றால் தயாரிப்பாளர் ஷ்னைடர்தானே என்று நினைத்து எழுதிவிடாதீர்கள். இந்த வகையைப் பல தொழிற்சாலைகள் கட்டின. போருக்குப் பிறகு ஜெர்மனியில் கிளைடர் பறப்புக்கு இருந்த தடை 1951இல் நீங்கியதும், கிளப்புகள் வரைபடத்தை வாங்கித் தங்கள் பட்டறைகளிலேயே கட்டின. தகட்டில் ஏதோ ஓர் ஊர்ப் பறப்புச் சங்கத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், பதிவுக்கு அந்தச் சங்கமே தயாரிப்பாளர். கட்டியவர், வகை, வரிசை எண் மூன்றையும் தகட்டில் உள்ளபடியே, இடைவெளியும் கோடும் உட்பட எழுதிக்கொள்ளுங்கள். பல கோணங்களில் படம் எடுங்கள். என்னைப் போல் கண்ணை நம்பாமல், தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டால் 3, 8 தகராறு வராது.

பிறகு அந்தப் பிரதியைக் கிளைடரின் வாழ்க்கைக் கோப்புடன் ஒப்பிடுங்கள். ஜெர்மனியில் இதை லேபன்ஸ்லாஃப்ஆக்டே என்பார்கள். கிளைடர்காரர்கள் சுருக்கமாக எல்-ஆக்டே என்கிறார்கள். கட்டிய நாளிலிருந்து நடந்த பழுதுபார்ப்பு, எடை போட்ட அறிக்கை, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் அதில் கோக்கப்பட்டிருக்கும். நல்ல எல்-ஆக்டே உள்ள சுமாரான கிளைடரையும், எல்-ஆக்டே தொலைந்துபோன அழகான கிளைடரையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் முதலாவதைத்தான் வாங்குவேன்.

தகட்டைக் கழற்றிப் பளபளப்பாக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அடையாளத் தகட்டை அனுமதியின்றிக் கழற்றுவதையும் மாற்றுவதையும் அமெரிக்க விதி தடுக்கிறது. உடலைப் புதுப்பிக்கும்போதும் அதற்கு மேல் வண்ணம் அடித்து மறைத்துவிடாதீர்கள்.

பசைக்குச் சான்றிதழ் படிக்கத் தெரியாது

பறப்புத் தகுதிச் சான்று அமெரிக்காவில் கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதி அந்தக் கொட்டகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரக் கிளைடரை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பசை. பழையவற்றில் கேசீன் பசை இருக்கும். பாலின் புரதத்திலிருந்து செய்வது. ஈரம் பட்டால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். கௌரிட் என்ற செயற்கைப் பிசின் ஈரத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் மெல்லிய பூச்சாக இருந்தால்தான் வலு. இடைவெளியை நிரப்பத் தடிமனாக அப்பிய இடத்தில், ஆண்டுகள் போனதும் கண்ணாடி போல் நொறுங்கும்.

முதலில் மூக்கு. இறக்கையின் அடிப்புறச் சோதனைத் துளையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காய்ந்த மரமும் பழைய வார்னிஷும் மணத்தால் சரி. மழைக்காலத்தில் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்ததுபோல் அடித்தால், உள்ளே பூஞ்சை இருக்கிறது. அடுத்து விரல் முட்டி. ஒட்டுப்பலகை மூடிய முன்விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான விலாக்கட்டை வரும் இடத்தில் ஒலி இறுக வேண்டும். அங்கேயும் தகர டப்பா போல் ஒலித்தால் பலகை விலாவை விட்டு எழும்பிவிட்டது. நான் பார்த்த ஒரு பேபியில் வலது இறக்கையின் நான்காவது விலா மட்டும் அப்படி ஒலித்தது. நகத்தை விளிம்பில் வைத்து அழுத்தியபோது பலகை மூச்சு விடுவதுபோல் எழுந்து தணிந்தது. அடியிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. விற்பவர் என்னைவிட அதிகமாக அதிர்ந்தார்.

இரும்புப் பிடிகள் மரத்தைத் தொடும் இடங்களில் தனி கவனம் வேண்டும். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் துருவும் ஈரமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. இறக்கையின் முதன்மைத் தாங்கு கட்டை உடலோடு சேரும் இடம், இறக்கைத் தாங்கு கம்பிகளின் இரு முனைகள், சறுக்குக் கட்டைக்கு மேலே உள்ள தரைப்பலகை, வாலில் தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவற்றை ஒரு சிறு கண்ணாடியாலும், கைபேசியில் செருகும் குழாய்க் கேமராவாலும் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். இந்தப் படங்கள் பின்னால் உங்கள் மெக்கானிக்குக் கைகொடுக்கும்.

துணியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். துணி கிழிந்தால் மாற்றலாம். உண்மையில் துணி கிழிந்து கிடக்கும் கிளைடர் எனக்குப் பிடிக்கும். உள்ளே இருப்பது தெரிகிறது.

இன்னொன்று, போகும் ஊரின் வானிலை. ஜெர்மனியின் ஈரக்காற்றில் அறுபது ஆண்டு இருந்த மரத்தை அரிசோனாவின் வறட்சியில் கொண்டுபோய் வைத்தால் மரம் சுருங்கும், பசைக் கோடுகள் விரியும். அப்படிப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் முதல் ஆண்டு முழுவதும் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

உலோகம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் வகை உலோகக் கிளைடரின் இறக்கை, உலோகச் சோர்வினால் வானில் முறிந்து இருவர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து உலகெங்கும் அந்த வகை தரையில் நிறுத்தப்பட்டது. மலிவாக ஒரு பிளானிக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், ஏன் மலிவு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

தராசில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பேபி 2பியின் காலி எடை சுமார் 170 கிலோ, அதிகபட்சப் பறப்பு எடை 250 கிலோ. மிச்சம் 80 கிலோ. அதில் பாராசூட் ஏழெட்டு கிலோ போனால் உங்களுக்கு இருப்பது 72. இது வரைபடக் கணக்கு. எழுபது ஆண்டில் நான்கு முறை வண்ணம் பூசி, இரண்டு முறை பழுது பார்த்து, தடித்த துணி போர்த்தியிருந்தால் காலி எடை 180ஐத் தொட்டிருக்கலாம். அப்போது உங்கள் பங்கு 62 கிலோ. கிளைடரை வாங்கிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, சான்றும் பெற்ற பிறகு, அதில் தன் மகளை மட்டுமே உட்காரவைக்க முடிகிறது என்று கண்டுபிடித்தவர் எங்கள் கிளப்பிலேயே இருக்கிறார். எல்-ஆக்டேயில் உள்ள கடைசி எடை அறிக்கையைப் பாருங்கள். அது பத்து ஆண்டுக்கு மேல் பழையது என்றால் தராசு கொண்டுவரச் சொல்லுங்கள்.

பத்திரமும் பதிவு நீக்கமும்

எல்லாம் பிடித்துவிட்டதா? இப்போது இரண்டு தாள்கள் வேண்டும். இவை கைக்கு வரும்வரை, அல்லது வரும் என்பது எழுத்தில் உறுதியாகும்வரை, முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலாவது விற்பனைப் பத்திரம். அமெரிக்காவின் ஏசி 8050-2 படிவத்தையே கையோடு கொண்டுபோய் நிரப்பி வாங்குவது நல்லது. விற்பவரின் பெயர் ஜெர்மன் பதிவில் உள்ள உரிமையாளர் பெயரோடு பொருந்த வேண்டும். தாத்தா பெயரில் பதிவு, பேரன் விற்கிறான் என்றால் நடுவிலிருக்கும் வாரிசு ஆவணங்களும் வேண்டும். சங்கம் விற்றால் கையொப்பமிடுபவர் தன் பதவியையும் எழுத வேண்டும். சில சங்கங்களின் விதிப்படி இருவர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் செல்லும்; முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது பதிவு நீக்கச் சான்று. ஒரு கிளைடர் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளின் பதிவேட்டில் இருக்கக் கூடாது. ஜெர்மனியின் விமானப் பதிவேடு பிரௌன்ஷ்வைக் நகரில் இருக்கும் எல்பிஏ என்ற அரசு விமானத் துறை அலுவலகத்தில் இருக்கிறது. உரிமையாளர் அங்கே எழுதிக் கேட்டு, பதிவு நீக்கப்பட்டது என்ற சான்றைப் பெற வேண்டும். கிளைடர் எப்போதோ பதிவிலிருந்து போய்விட்டது, முப்பது ஆண்டாகக் கொட்டகையில்தான் கிடக்கிறது என்றாலும், இப்போது இது எங்கள் பதிவில் இல்லை என்று அந்த அலுவலகம் சொல்லும் தாள் வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

இந்த இரண்டு தாளிலும் வரிசை எண் தகட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பதிவு நீக்கச் சான்று சரியான 8உடன் வந்தது, பத்திரத்தில் 3. தவறு முழுக்க என்னுடையது.

கடலைத் தாண்டுவது

பேபியின் உடல் 6.09 மீட்டர். 20 அடி கன்டெய்னரின் உள் நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர். இந்த இருபது சென்டிமீட்டரைச் சுக்கானைக் கழற்றிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடும் முன், ஒவ்வோர் இறக்கையும் ஆறரை மீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். 40 அடிப் பெட்டிதான் வேண்டும். அதில் இடம் மிஞ்சும் என்பதால் கிளைடர் வாங்கும் இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொள்வது வழக்கம். உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகளைத் தாராளமாகத் தொங்கவிடுங்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டியின் கூரையிலிருந்து நீர் சொட்டும்.

சுங்கத் தரகர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்துக்குச் சரக்கு விவரம் போய்ச் சேர வேண்டும். அதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது மரப் பொதிகளை. முட்டுக்கட்டையாக வைக்கும் மரங்களில், பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிற்கும். கிளைடரே மரம்தானே என்று கேட்காதீர்கள். அது விமானம், இது பொதி. கிளைடரோடு அதன் டிரெய்லரும் வந்தால், சக்கரத்தில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிடுங்கள்.

டிரெய்லர் 25 ஆண்டுக்கு மேல் பழையதென்றால் அமெரிக்க வாகனப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. எச்எஸ்-7 படிவத்தில் அதற்குரிய கட்டத்தைக் குறிக்க வேண்டும். அதன் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லரைக் காரோடு பிணைக்கும் ஐரோப்பிய இணைப்புக் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் கடையில் கிடைப்பது இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஓங்கி மிதித்தால் உட்கார்ந்ததுபோலவும் தோன்றும். பூட்டு முழுதாக விழுந்திருக்காது. துறைமுகத்துக்குப் போகும்போதே 50 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

என்-எண்

பதிவு விண்ணப்பம் ஏசி 8050-1. விற்பனைப் பத்திரத்தையும் பதிவு நீக்கச் சான்றையும் சேர்த்து, அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏவுக்கு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவுக் கிளைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் வெறும் 5 டாலர். இந்த முழு முயற்சியில் மலிவானது இதுதான். தபால்பெட்டி எண்ணை மட்டும் முகவரியாகக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், வசிக்கும் இடமும் வேண்டும். பதிவு இப்போது ஏழு ஆண்டு செல்லும்.

பிடித்த எண் வேண்டுமென்றால் 10 டாலர் கட்டி முன்பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்கப் பதிவு எண் 'N' (என்) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும்; அதற்குப் பின் ஐந்து இடம் வரை. முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக் கூடாது. கடைசியில் இரண்டு எழுத்து வரை வரலாம். ஐ, ஓ என்ற இரு ஆங்கில எழுத்துகளும் கிடையாது. ஜெர்மன் கிளைடர்களுக்கு டி எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் இருக்கும். அதே நான்கு இலக்கத்தை இங்கும் கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்.

எண்ணை எழுதுவது அழகுணர்ச்சி உள்ளவர்களுக்கு வேதனையான கட்டம். கிளைடருக்கு மூன்று அங்குல உயரம் போதும். அதுவும் பேபியின் குட்டி வாலில் பெரிதாகத் தெரிகிறது என்றால், கட்டி முப்பது ஆண்டு கடந்த சிறு விமானங்களுக்கென்று தனி விதி இருக்கிறது: இரண்டு அங்குல எழுத்து, என்னுக்கு அடுத்துச் சோதனை வகையைக் குறிக்கும் எக்ஸ். வால் துணியில் கைவண்ணத்தில் எழுதியிருக்கும் பழைய டி எண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். ஆய்வாளரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

எந்த வகைச் சான்று

பதிவுச் சான்று வந்தால் கிளைடர் அமெரிக்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். பறக்க வேறு சான்று வேண்டும்.

உங்கள் கிளைடரின் வகைக்கு அமெரிக்க வகைச் சான்று, அதாவது அந்த வடிவமைப்புக்கான ஒப்புதல், இருந்தால் வழக்கமான பறப்புத் தகுதிச் சான்று கேட்கலாம். உதாரணமாக ஷ்லைகர் நிறுவனத்தின் ஏஎஸ்கே 13க்கு அது இருக்கிறது. அதற்கு ஏற்றுமதிப் பறப்புத் தகுதிச் சான்று முதலியவை வேண்டும். போப்பன்ஹௌஸனில் இருக்கும் அந்த நிறுவனம் தன் பழைய கிளைடர்களுக்கு இன்றும் கையேடும் உதிரிபாகமும் தருவது பெரிய வசதி.

பேபி போன்றவை சோதனை வகைக்குத்தான் போகும், அதிலும் கண்காட்சி என்ற உட்பிரிவுக்கு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அபூர்வமான விமானத்தின் பறப்பை நிகழ்ச்சிகளில் காட்டுவதும், அதற்கான பயிற்சியைத் தக்கவைத்துக்கொள்வதும் இதன் நோக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த மைதானத்தில் பறப்பது அந்தப் பயிற்சிக் கணக்கில் வரும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளையோ பொருளையோ ஏற்றக் கூடாது. பேபியில் அந்தச் சபலத்துக்கே இடமில்லை.

சொந்தமாகக் கட்டியது என்ற பிரிவில் போடலாமே என்று சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். அது, பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கட்டியவர்களுக்கானது. 1953இல் யாரோ கட்டியதைத் தூசு தட்டிய நமக்கு அல்ல.

நிகழ்ச்சிக் கடிதம்

விண்ணப்பம் 8130-6 படிவம். இப்போது இணையத்திலேயே நிரப்பலாம். அதோடு போகும் தாள்களில் முக்கியமானது நிகழ்ச்சிக் கடிதம். புதியவர்கள் இதை இரண்டு வரியில் எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். எந்த நோக்கத்துக்காகப் பறக்கப்போகிறீர்கள், ஏறத்தாழ எத்தனை பறப்பு அல்லது எத்தனை மணி நேரம், எந்தப் பகுதியில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் போகக்கூடிய விழாக்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நியூயார்க் மாநிலத்து எல்மைராவில், தேசிய கிளைடர் அருங்காட்சியகம் இருக்கும் ஹாரிஸ் ஹில், பழைய கிளைடர்காரர்களுக்குத் தாய்வீடு மாதிரி. விண்டேஜ் செயில்பிளேன் அசோசியேஷனின் சந்திப்புகளையும் சேர்க்கலாம். பயிற்சிப் பறப்புக்கு உங்கள் மைதானத்தைக் குறிப்பிடுங்கள். இந்த ஆண்டு போகாவிட்டாலும் பரவாயில்லை. கடிதத்தில் இல்லாத இடத்துக்குப் போக நேர்வதுதான் தலைவலி. இந்தக் கடிதத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து அனுப்ப வேண்டும்.

மூன்று கோண வரைபடம் அல்லது புகைப்படங்களும் கேட்பார்கள். கிளைடரின் பாகங்களைப் பூட்டி முழுதாக நிறுத்தி, முன்னால், பக்கவாட்டில், மேலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுக்க நான் ஹேங்கர் கூரைக்கு ஏணி வைத்து ஏறினேன். இன்று டிரோன் இருக்கிறது.

ஆய்வு நாள்

ஆய்வுக்கு எஃப்ஏஏ அலுவலர் வரலாம், அல்லது அவர்கள் நியமித்த தனியார் பிரதிநிதி வரலாம். முன்னவருக்குக் கட்டணம் இல்லை, காத்திருக்க வேண்டும். பின்னவருக்குக் கட்டணம் உண்டு. கேட்டால் பின்னவரைச் சொல்வேன், அதிலும் மரக் கிளைடரைத் தொட்டுப் பார்த்தவராகத் தேடுங்கள். ஸ்பானரைத் தவிர வேறெதையும் அறியாதவருக்குப் பசையைப் பற்றி விளக்குவதற்குள் ஒரு பகல் போய்விடும்.

அவர் வரும் முன், உரிமம் பெற்ற விமான மெக்கானிக் ஒருவர் கிளைடரை முழுமையாகப் பரிசோதித்து, பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வழக்கமான சான்றுள்ள கிளைடரின் ஆண்டுப் பரிசோதனைக்கு ஐஏ என்ற கூடுதல் அனுமதி உள்ள மெக்கானிக் வேண்டும். சோதனை வகைக்குச் சாதாரண மெக்கானிக்கே போதும். அவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். துணியைப் போர்த்தி மூடிய பிறகு அழைத்தால், திறந்து காட்டு என்பார், அவர் சொல்வது நியாயம்.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் ஆய்வாளரின் கண் நேரே இவற்றுக்குத்தான் போகும். எல்-ஆக்டேயின் முக்கியப் பக்கங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. புதிய எடை அறிக்கை, புவியீர்ப்பு மையக் கணக்கு. இருக்கையில் ஆங்கிலத்தில் வேக வரம்பும் எடை வரம்பும். பெல்ட் பட்டைகளில் தைத்திருக்கும் தயாரிப்பு ஆண்டு. மீட்டரில் காட்டும் உயரமானியை அடிக்கு மாற்றுவது நல்லது, இங்கே வான்வெளி எல்லைகள் எல்லாம் அடியில்தான். வேகமானி கிலோமீட்டரிலேயே இருக்கட்டும். கையேட்டின் எண்களும் கிலோமீட்டரில் இருப்பதால் குழப்பம் குறைவு. இரண்டு அங்குல எக்ஸ் முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், இருக்கைக்கு அருகே எக்ஸ்பெரிமென்டல் என்ற சொல்லை ஆங்கிலத்தில், இரண்டிலிருந்து ஆறு அங்குல உயரத்துக்குள் எழுத வேண்டும்.

என் கிளைடரைப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது டார்ச். நேரே தகட்டுக்குப் போய்க் குனிந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, மறுபடி தகட்டைப் பார்த்தார். கடைசி இலக்கத்தில் அவர் விரல் ஒரு நொடி நின்றது. எனக்கு வயிறு கலங்கியது. பிறகுதான் இறக்கைப் பக்கம் நகர்ந்தார்.

எல்லாம் சரியென்றால் இளஞ்சிவப்பு நிறத்தில் சிறப்புப் பறப்புத் தகுதிச் சான்றும், அதனோடு பல பக்கங்களில் பறப்பு வரையறைகளும் தருவார். அந்த வரையறைகளும் சான்றின் ஒரு பகுதிதான், இரண்டும் பதிவுச் சான்றோடு கிளைடரிலேயே இருக்க வேண்டும். திறந்த இருக்கையில் காற்று அள்ளிக்கொண்டு போகும். நீர் புகாத உறையில் போட்டுத் திருகி வையுங்கள். முதல் கட்டப் பறப்புகளை எந்த எல்லைக்குள், எவ்வளவு நேரம் முடிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். அது முடிந்ததும், வழக்கமான எல்லா வேகங்களிலும் கிளைடர் கட்டுக்குள் இருக்கிறது, அபாயமான குணம் எதுவும் இல்லை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் பின் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கின் பரிசோதனை.

முதல் பறப்பு

கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்று தேவையில்லை, வகைக்கென்று தனி உரிமமும் இல்லை. ஆனால் ஒற்றை இருக்கை. பக்கத்தில் ஆசிரியர் இல்லை. காற்று அடங்கிய மாலையில், இதைப் போன்ற மெதுவான கிளைடரை ஓட்டியவர் ஒருவரை முதலில் அனுப்புவதில் அவமானம் எதுவுமில்லை.

கிளைடரை வானுக்கு இழுத்துச் செல்லும் விமானத்தின் இழுவைக் கயிற்றுக்கும் விதி உண்டு. கயிற்றின் முறிவு வலு கிளைடரின் அதிகபட்ச எடையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இரண்டு மடங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பேபிக்கு 200 முதல் 500 கிலோ. கனமான இரட்டை இருக்கைக் கிளைடர்களை இழுக்கும் கிளப் கயிறு இதைவிட வலுவாக இருக்கும் என்பதால், உங்கள் முனையில் இந்த எல்லைக்குள் முறியும் இணைப்பு ஒன்று வேண்டும்.

கயிற்றின் முனையில் இருக்கும் வளையத்தையும் முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் பல மைதானங்களில் இருப்பது ஷ்வைட்ஸர் கொக்கிக்கான பெரிய ஒற்றை வளையம். ஜெர்மன் டோஸ்ட் கொக்கிக்கு ஒன்றோடொன்று கோத்த இரட்டைச் சிறு வளையம் வேண்டும். எங்கள் மைதானத்தில் அன்று சான்று இருந்தது, வானிலை இருந்தது, இழுவை விமானம் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நின்றது. வளையத்தைக் கொக்கிக்குள் நுழைக்க முயன்ற பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சரியான வளையம் தபாலில் வர ஆறு நாள் ஆயிற்று.